இடுப்பு வலி என்கிறோமே, எந்த இடுப்பு?

என் பெரியம்மாவுக்கு இரண்டு வருடம் முதுகுக்குத்தான் வைத்தியம் நடந்தது. பெல்ட் போட்டார்கள், டிராக்‌ஷன் இழுத்தார்கள், முதுகுத்தண்டுக்கு எம்ஆர்ஐ எடுத்து டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்றார்கள் (அறுபதைத் தாண்டிய யாருக்கு எடுத்தாலும் அந்த ரிப்போர்ட்டில் இப்படி ஏதாவது எழுதியிருக்கத்தான் செய்யும்). கடைசியில் வேறொரு மருத்துவர் அவரைப் படுக்கவைத்து, வலது முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கமாகத் தள்ளினார். பெரியம்மா போட்ட சத்தத்தில் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்கு முன்பே அந்த மருத்துவர் இன்னொன்றையும் கவனித்துவிட்டார். இடது கால் நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன, வலது காலில் நகம் வளர்ந்து வளைந்து கிடந்தது. "குனிஞ்சா எட்டலையாம்மா?" என்றார். "ஒரு வருஷமாவே எட்டல சார்." இதை வீட்டில் நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை, அவராகச் சொல்லவும் இல்லை. கெட்டிருந்தது முதுகு இல்லை, வலது இடுப்பு மூட்டு.

தவறு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், அந்தச் சொல்லிலேயேதான். நமக்குக் குடம் வைக்கும் இடமும் இடுப்பு, சேலை கட்டும் இடமும் இடுப்பு, குனிந்து நிமிர்ந்தால் பிடித்துக்கொள்ளும் கீழ்முதுகும் இடுப்பு. மூட்டு மாற்று சிகிச்சை நடக்கும் இடுப்பு மூட்டு இவற்றில் எதுவுமே கிடையாது. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் உட்காருகிறதே, அந்த இடம்தான் அது. ஆழத்தில், தொடை இடுக்குக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதனால் அந்த மூட்டு கெட்டுப்போனால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில், முன்தொடையில், சிலருக்குப் பிட்டத்தில் தெரியும். ஆனால் "இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டு, எங்கே என்று காட்டச் சொன்னால் கை முதுகுக்குப் போகும். நம் வீட்டுப் பெண்களுக்கு, அதுவும் கூட மகனோ மருமகனோ நிற்கும்போது, தொடை இடுக்கைத் தொட்டுக் காட்டக் கூச்சம் வேறு. கூச்சப்படாமல் ஒரு விரலால் இடத்தைக் காட்டுங்கள், இல்லையென்றால் துணைக்கு வந்தவரை வெளியே அனுப்பிவிட்டாவது காட்டுங்கள்.

முழங்கால் விஷயம் இதைவிட வேடிக்கை. இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளில் சிலவற்றின் கிளைகள் முழங்காலுக்கும் போவதால், மூட்டு மேலே கெட்டிருக்க வலி கீழே தெரியும். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தால் வயதுக்கேற்ற தேய்மானம் கொஞ்சம் இருக்கும், சரி இதுதான் என்று அங்கே ஊசி போடுவார்கள், வலி போகாது. முழங்கால் வலிக்குக் காட்டிய வைத்தியம் எதுவுமே பிடிக்கவில்லை என்றால், இடுப்பு மூட்டை அசைத்துப் பார்த்தார்களா என்று ஒருமுறை கேளுங்கள். பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. தொடையின் வெளிப்பக்கம், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் வலிக்கும், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது அதிகம் வரும். உடனே மூட்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அங்குள்ள தசைநாண்களின் பிரச்சினை, பயிற்சியில் சரியாகிற விஷயம். பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்கும் கீழே இறங்கி, பாதம் மரத்துப்போகிற வலி என்றால் முதுகு நரம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு. அப்போது இடுப்பு மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தை ஊசியில் செலுத்திப் பார்ப்பார்கள். அந்தச் சில மணி நேரம் வலி மறைந்தால் குற்றவாளி மூட்டுதான்.

வலியை மட்டும் அளந்துகொண்டிருப்பது அடுத்த தவறு. வலிக்கு நாம் பழகிவிடுவோம், அதுவும் அம்மாக்கள் ரொம்பவே பழகிவிடுவார்கள். எதையெல்லாம் செய்வதை நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். பெரியம்மா அரிவாள்மனையை விட்டுவிட்டுக் கத்தியும் பலகையுமாக மேடைக்கு மாறியிருந்தார், வசதிக்காக என்று நினைத்தோம். பேருந்தில் எப்போதும் இடது காலை முதலில் வைத்து ஏறுவார். சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, பைக்கில் காலைத் தூக்கிப் போடுவது, செருப்பு வாரை மாட்டுவது, இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போயிருந்தால் மூட்டு தன் சுழற்சியை இழந்துகொண்டிருக்கிறது. கிண்ண மூட்டு தேயும்போது பொதுவாக முதலில் போவது உட்பக்கச் சுழற்சிதான். அந்த மருத்துவர் பாதத்தை வெளியே தள்ளிப் பார்த்ததும் அதற்காகத்தான்.

இதுவரை சொன்னது வயதாகி வரும் தேய்மானம். நம் ஊரில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்கிறார்கள் என்றால் அதற்குப் பெரிய காரணம் வேறு. தொடை எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உள்ளுக்குள் செத்துப்போவது. ஏவிஎன் என்பார்கள். ஸ்டீராய்டு மருந்துகளை அதிக அளவிலோ நீண்ட நாளோ எடுத்தவர்கள், நிறையக் குடிப்பவர்கள், தொடை எலும்புக் கழுத்து உடைந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும், சிலருக்குக் காரணமே தெரியாது. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களில் சிலருக்கு இது வந்ததை 2021லேயே மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். உயிர் காக்கக் கொடுத்த மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தரும் பொடியை, "மூணே நாள்ல வலி பறந்துடுச்சு" என்று மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்களே, அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

ஏவிஎன் விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவது. ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். அதையும் முதுகுக்கு எடுக்காமல் இரண்டு இடுப்பு மூட்டுக்கும் எடுக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது இரண்டு பக்கமும் வருகிறது. தலை நொறுங்கி அமுங்குவதற்கு முன்னால் பிடித்துவிட்டால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைப்பது போன்ற வழிகளில் சொந்த மூட்டைக் காப்பாற்ற முயலலாம். அமுங்கிய பிறகு பெரும்பாலும் மாற்றுவதுதான். ஆக, இளவயதில் தொடை இடுக்கில் வலி, ஸ்டீராய்டோ குடியோ பின்னணியில் இருக்கிறது என்றால் ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்பது வேண்டாம்.

மாத்திரைக்கு வருவோம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சில நாளுக்குச் சரி. வருடக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம் ஏறுவது, சிறுநீரகம் கெடுவது என்று வரிசையாக வரும், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக. ஆபரேஷனுக்குப் பயந்து மாத்திரையில் ஓட்டுகிறவர், கடைசியில் ஆபரேஷனுக்குத் தயாராகும்போது கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு) அதிகம் என்று நிறுத்திவைக்கப்படுவது கொடுமை. ஜவ்வு வளர என்று விற்கிறார்களே, தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை.

கைத்தடி பிடிப்பதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள் என்பேன். வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். அப்போதுதான் மூட்டின் மேல் பாரம் குறையும். பெரியம்மா வலது கையிலேயே பிடித்துக்கொண்டு, "தடி ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று மூலையில் சாத்திவிட்டார்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? எக்ஸ்ரேயைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்கக் கூடாது. படம் மோசமாக இருந்தும் தினமும் நடைப்பயிற்சி போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அவசரம் இல்லை. வலி இரவில் எழுப்புகிறது, தெருமுனை வரைகூட நிற்காமல் போக முடியவில்லை, சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி, எடைக் குறைப்பு, தடி, மாத்திரை எல்லாம் செய்தும் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போகிறது, படத்திலும் மூட்டு இடைவெளி போய் எலும்போடு எலும்பு உரசுகிறது என்றால், நேரம் வந்துவிட்டது. அதற்கு மேலும் இழுத்தால் தொடைத் தசை மெலியும், மூட்டு இறுகும், விந்தி விந்தி நடந்து நடந்து மற்ற காலும் முதுகும் வலிக்க ஆரம்பிக்கும். அப்புறம் மூட்டை மாற்றினாலும் நடை திரும்ப நாளாகும்.

வயதைக் காட்டித் தள்ளிப்போடுவது இரண்டு பக்கமும் நடக்கிறது. இளையவரிடம் "இப்பவே எதுக்கு", எழுபத்தைந்தில் இருப்பவரிடம் "இனிமே எதுக்கு". இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1962இல் கொண்டுவந்த முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, இப்படி வைத்த இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. எழுபதில் வைத்துக்கொள்கிறவருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு குறைவு. ஐம்பதின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆணுக்கு அது கணிசமாக அதிகம், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது, கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தவும் கூடாது. அது பெரும்பாலும் இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்திருப்பது. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டி என்று வேறு ஆபத்து வரும். விழுந்த பிறகு தாங்கித் தாங்கி நடக்கிறாரே என்றும் ஏமாற வேண்டாம், லேசாக உடைந்து பொருந்தி நிற்கும் முறிவிலும் சிலர் நடப்பார்கள். காய்ச்சலோடு திடீரென்று கால் அசைக்க முடியாத வலி வந்தால் மூட்டுக்குள் சீழாக இருக்கலாம், அன்றே போங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைவது, மாதக்கணக்கில் இடுப்பு வலி என்றால் காசநோயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவெடுத்துவிட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் புண் எதுவும் இல்லாமல் போங்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள், மூன்று மாதமாவது தள்ளி வைப்பார்கள், தொற்று பயம்தான். அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் செய்கிறார்கள், நிலத்தை விற்பதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

எங்கள் பெரியம்மா ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ரத்தம் எவ்வளவு போகும், எத்தனை நாள் படுக்கை என்று எதையும் கேட்கவில்லை. "கோயில்ல சாமி கும்பிட்டுட்டு தரையில உட்காரலாமா சார்?" என்றுதான் கேட்டார். முதல் மூன்று மாதம் பேச்சே எடுக்காதீங்க, அப்புறமும் திண்ணையா பார்த்து உட்காருங்க என்றார் மருத்துவர். திண்ணை இருக்கிற கோயிலாகத் தேடித் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்.