பேனலில் ஓடும் சிபியு வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் மேட் டெஸ்க்டாப்பில் பேனலை (திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டையை) ரைட் கிளிக் செய்து சிஸ்டம் மானிட்டர் ஆப்லெட்டைச் (பேனலில் பொருத்தும் சிறு நிரலைச்) சேர்த்துவிட்டால், கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே சிபியுவின், அதாவது புராசஸரின், சுமை சிறு வரைபடமாக ஓடத் தொடங்கும். மிகவும் பயனுள்ள கருவி அது. ஆனால் அது எதை அளக்கிறது என்பதைக் கவனிக்காமல் படித்தால், தேவையில்லாத இடத்தில் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க நேரிடும்.

சிபியுவின் நேரம் எந்தெந்த வேலையில் கழிந்தது என்பதை, கணினி தொடங்கியதிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கூட்டிக்கொண்டே வருகிறது. ஆப்லெட் அந்தக் கணக்கை ஒரு சிறு இடைவெளியில் இருமுறை படித்து, வித்தியாசத்தைச் சதவீதமாகக் காட்டுகிறது. அதாவது அது காட்டுவது நேரத்தின் பங்கு; வேகம் அன்று. பேட்டரியில் ஓடும் மடிக்கணினி, மின்சாரத்தைச் சேமிக்க 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும்போது சாதாரண வேலைகூட வரைபடத்தைப் பாதிக்கு மேல் நிரப்பிவிடும். அதைப் பார்த்துப் புராசஸர் திணறுகிறது என்று முடிவுகட்டுவது தவறு. மேட்டிலேயே கிடைக்கும் அதிர்வெண் காட்டும் ஆப்லெட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சிபியுவுக்குள் இருக்கும் எல்லாக் கோர்களையும் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளையும்) சேர்த்த சராசரியே வரைபடத்தில் வருகிறது என்பதை மறப்பது இதைவிடப் பெரிய தவறு. எட்டு திரெட் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓட்டக்கூடிய, கணினியில் ஒரே திரெட்டில் ஓடும் ஒரு நிரல் தன்னால் இயன்ற மட்டும் உழைத்தாலும், ஆப்லெட் ஏறத்தாழ 12.5 சதவீதம்தான் காட்டும். அதே நேரத்தில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் (top) என்ற டெர்மினல் கட்டளை அந்த நிரலுக்கு நேராக 100 என்று காட்டும். இரண்டுமே சரி. பெரிய விரிதாள் ஒன்று உறைந்து நிற்கும்போது "சிபியு சும்மாதானே இருக்கிறது" என்று குழம்புகிறவர்கள், டாப் ஓடும்போது 1 என்ற விசையை அழுத்தினால், ஒரே ஒரு கோர் முழுதாக நிரம்பியிருப்பதைக் கண்கூடாகக் காணலாம்.

நிறங்களைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை; என் கருத்தில் இந்த ஆப்லெட்டின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. பயனர் நிரல்கள், கெர்னல், நைஸ், ஐஓ வெயிட் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறங்கள் உண்டு. நைஸ் என்பது முன்னுரிமையைத் தானே குறைத்துக்கொண்டு பின்னணியில் ஓடும் வேலை. வேறு வேலை வந்தால் பெரும்பாலும் வழிவிட்டுவிடும் என்பதால், அந்த நிறம் உயர்ந்தவுடன் நிரலை நிறுத்த வேண்டியதில்லை. ஐஓ வெயிட்டோ, டிஸ்க்கிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கையில் சிபியு வெறுமனே இருந்த நேரம். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் வரைபடத்தின் பெரும்பகுதி இந்த நிறமாக இருந்தால், புதிய புராசஸர் வாங்குவதால் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி வாங்குவதே பலன் தரும்.

அதே ஆப்லெட்டில் லோடு என்ற தனி வரைபடமும் உண்டு. அதைச் சிபியு சதவீதமாக எண்ணக் கூடாது. லினக்ஸில் இந்த லோடு (லோடு ஆவரேஜ்), ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், ஓடுவதற்குக் காத்திருக்கும் நிரல்கள் ஆகியவற்றோடு, டிஸ்க் போன்றவற்றுக்காக இடைமறிக்க இயலாத நிலையில் காத்திருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே நெட்வொர்க் வழியாக இணைத்த ஒரு கோப்பகம் பதில் தராமல் போனால், சிபியு ஓய்வாக இருக்கும்போதே லோடு ஏறிக்கொண்டே போகும். நான்கு கோர் கணினியில் லோடு 4 என்பது அபாயமும் அன்று.

புதுப்பிக்கும் இடைவெளியை 50 மில்லி வினாடி என்று சுருக்குவதும் வேண்டாம். கெர்னலின் அந்தக் கணக்கு பெரும்பாலும் நொடிக்கு 100 அலகு என்ற அளவில் பதியப்படுவதால், அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு கோருக்கு 5 அலகுகளே கிடைக்கும். எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். அடிக்கடி வரைந்துகொண்டிருப்பதால் ஆப்லெட்டே சிபியுவுக்குச் சுமையாகவும் ஆகிவிடும். 1000 மில்லி வினாடி போதும். பேட்டரியில் ஓடும்போது 2000 இன்னும் நல்லது.