காட்பாடியிலிருந்து டெல்லிக்கு ஒரு வாரம்: கிழமை பாத்து போனா காசு மிச்சம்

போன பிப்ரவரில நான், வீட்டுக்காரி, அம்மா, மச்சான் நாலு பேரும் டெல்லி போயிட்டு வந்தோம். அதுலருந்து தெரிஞ்சவங்க எல்லாம் "எவ்ளோ ஆச்சு, எப்டி போனீங்க"ன்னு கேட்டுகினே இருக்காங்க, அதான் மொத்தத்தையும் எழுதி வச்சிடறேன், முதல் தடவை போறவங்களுக்குத்தான் இது.

ஸ்டெப் 1: காலண்டரை எடுங்க

ரூம், டிக்கெட் எல்லாம் அப்புறம். டெல்லில திங்கக்கிழமை செங்கோட்டை லீவு, லோட்டஸ் டெம்பிள் லீவு, அக்ஷர்தாம் லீவு, நேஷனல் மியூசியம், ரயில் மியூசியம், காந்தியை சுட்ட இடமான காந்தி ஸ்மிருதி எல்லாமே லீவு. இது தெரியாம நாங்க ஞாயித்துக்கிழமை இறங்கி மறுநாள் காலைல குளிச்சு முழுகி ஆட்டோ பிடிச்சு செங்கோட்டை வாசல்ல போய் நின்னா கேட்டு மூடி கீது. அம்மா ஒண்ணும் பேசல, என்னை ஒரு பார்வை பாத்தாங்க, அவ்ளோதான்.

சாந்தினி சௌக்ல பெரும்பாலான கடை ஞாயித்துக்கிழமை லீவு. ஆக்ரா போற பிளான் இருந்தா தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு. இந்த மூணையும் பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் தேதி போடுங்க.

மாசம்னு கேட்டா பிப்ரவரி, மார்ச் ஆரம்பம், இல்லனா அக்டோபர். வெயில் நமக்கு புதுசில்ல, அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல இருந்தவனுக்கு டெல்லி வெயில் ஒண்ணும் பண்ணாது, ஆனா குளிர் பண்ணும். டிசம்பர் ஜனவரில பனிமூட்டத்துல ரயிலே மணிக்கணக்கா லேட்டாகும், நவம்பர்ல புகை.

ஸ்டெப் 2: டிக்கெட்

நம்ம காட்பாடில கேரளா எக்ஸ்பிரஸ் நிக்கும், திருவனந்தபுரத்துலருந்து வந்து திருப்பதி, விஜயவாடா வழியா நேரா நியூ டெல்லி. சென்னைக்கு போய் ஏறணும்னு அவசியமே இல்ல. ஸ்லீப்பர்னா ஒரு ஆளுக்கு ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிரும், ஒன்றரை நாள் பயணம். புக்கிங் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், அன்னிக்கே போட்டுருங்க.

இங்க ஒரு குழி இருக்கு, ஜாக்கிரதை. இந்த வண்டி காட்பாடிக்கு வர்றது நடு ராத்திரி தாண்டி, விடியறதுக்கு முன்னாடி. அதாவது சனிக்கிழமை ராத்திரி சாப்ட்டு கிளம்பினா நீங்க ஏறப்போறது ஞாயித்துக்கிழமை தேதி. டிக்கெட்ல ஏறுற ஊரையும் தேதியையும் ரெண்டு தடவை பாருங்க.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புளிசாதம், அப்புறம் இட்லிக்கு பொடி தடவி எடுத்துக்கோங்க. ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கிட்டு போனோம், நாக்பூர் வர்றதுக்குள்ள பக்கத்து சீட்டு குடும்பத்தோட சேந்து காலி.

ஸ்டெப் 3: ரூமும் மெட்ரோவும்

நியூ டெல்லி ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும் "உங்க ஹோட்டல் மூடிட்டாங்க, டூரிஸ்ட் ஆபீஸ் வாங்க"ன்னு யாராவது ஒட்டிகினு வருவாங்க, நின்னு பதில் சொல்லாதீங்க, நடந்துகினே இருங்க. ஸ்டேஷனுக்கு எதிர்ல பஹார்கஞ்ச்ல ரூம் மலிவுதான், ஆனா பெரியவங்களோட போனா கரோல் பாக் பரவால்ல, தோசையும் கிடைக்கும். எங்க எடுத்தாலும் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கற தூரத்துல எடுங்க. 300 ரூபா கம்மின்னு தள்ளி எடுத்தீங்கனா அதை தினமும் ஆட்டோவுக்கு குடுப்பீங்க.

மெட்ரோல கம்மி டிக்கெட் 11 ரூபா, ஏர்போர்ட் லைனை விட்டுட்டா எவ்ளோ தூரம் போனாலும் 64க்கு மேல இல்ல. ஸ்மார்ட் கார்டு வாங்கிட்டா 10 சதவீதம் தள்ளுபடி, ஒவ்வொரு தடவையும் க்யூல நிக்க வேணாம். முதல் பெட்டி லேடீஸுக்கு. மச்சான் தெரியாம ஏறிட்டு அடுத்த ஸ்டேஷன்ல தலைய குனிஞ்சுகினு இறங்கினாரு.

ஸ்டெப் 4: நாள் கணக்கு

திங்கக்கிழமை: குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் அன்னிக்கு திறந்திருக்கும். டிக்கெட் 40, ஆன்லைன்ல 35, 15 வயசுக்கு கீழ பசங்களுக்கு ஃப்ரீ. குதுப் மினார் 73 மீட்டர் உயரம், மேல ஏற முடியாது, 1981ல உள்ள நெரிசல்ல 45 பேர் செத்ததுலருந்து மூடிட்டாங்க. எல்லாரும் மினாரை போட்டோ எடுத்துட்டு ஓடுவாங்க, நீங்க பக்கத்துல இருக்கற இரும்புத்தூண் கிட்ட நில்லுங்க. ஏழு மீட்டருக்கு மேல உயரம், ஆறு டன்னுக்கு மேல எடை, சுமார் 1600 வருசமா வெட்ட வெளியில துருப்பிடிக்காம நிக்குது. மச்சான் ராணிப்பேட்டை சிப்காட்ல வெல்டிங் வேலை, மனுசன் அங்கருந்து நகரவே இல்ல, "நம்ம ஷெட்டு கேட்டு ரெண்டு மழை தாங்கல, இது இன்னா இரும்பு"ன்னு புலம்பிகினே இருந்தாரு. அந்த காலத்து இரும்புல பாஸ்பரஸ் ஜாஸ்தி, அது மேல மெல்லிசா ஒரு படலமா உக்காந்து துருவை தடுக்குது, டெல்லியோட காஞ்ச காத்தும் ஒரு காரணம்.

செவ்வாய்: செங்கோட்டை, அங்கருந்து நடந்தே ஜும்மா மசூதி, சாந்தினி சௌக். செங்கோட்டைக்குள்ள போனதும் அம்மா கேட்டாங்க, "இன்னாடா, நம்ம வேலூர் கோட்டை அகழில எவ்ளோ தண்ணி கீது, இங்க சொட்டு தண்ணிய காணோம்?" உண்மைதான், ஷாஜஹான் கட்டின இந்த கோட்டை அகழி காஞ்சு கிடக்கு. வேலூர்க்காரன் கண்ணால பாத்தா இந்த கோட்டை வேற மாதிரி தெரியும். 1806ல நம்ம கோட்டைல சிப்பாய்ங்க எழுந்தப்போ உள்ள இருந்த திப்பு குடும்பத்தை வெள்ளைக்காரன் கல்கத்தாவுக்கு அனுப்பினான், 1857க்கு அப்புறம் கடைசி முகலாய ராஜா பகதூர் ஷாவை இதே செங்கோட்டைல விசாரிச்சு ரங்கூனுக்கு அனுப்பினான். அதே கணக்கு.

புதன்: காலைல ஆர்.கே.புரம் மலை மந்திர், நம்ம சுவாமிநாதர். சின்ன மலைதான், ரத்தினகிரி ஏறினவங்களுக்கு இது படியே இல்ல. மதியம் பங்ளா சாஹிப் குருத்வாரா, அதாவது சீக்கியங்க கோவில், படேல் சௌக் ஸ்டேஷன்லருந்து நடக்கலாம். தலைய துணியால மூடிக்கணும், செருப்பை குடுத்துட்டு போகணும். லங்கர்னு அங்க ஒரு பொதுப் பந்தி, யாருக்கும் சாப்பாடு ஃப்ரீ, தரையில வரிசையா உக்காரணும், ரொட்டிய ரெண்டு கையையும் நீட்டி வாங்கணும், மிச்சம் வைக்கக்கூடாது. ஃப்ரீதானேன்னு மூணு வேளையும் அங்கயே போய் நிக்காதீங்க, அது பட்ஜெட் ஐடியா இல்ல. சாப்ட்டதும் அம்மா சமையக்கட்டுல போய் உக்காந்து அரை மணி நேரம் ரொட்டி தேச்சுட்டுதான் எழுந்தாங்க, பாஷை தெரியாமலே அங்க இருந்த அம்மாங்களோட ஒரே சிரிப்பு. சாயங்காலம் இந்தியா கேட், வார் மெமோரியல், ரெண்டுக்கும் காசில்ல.

வியாழன் லோட்டஸ் டெம்பிள், லோதி கார்டன், ரெண்டும் ஃப்ரீ. வெள்ளி அக்ஷர்தாம். போன், பை எதுவும் உள்ள விட மாட்டாங்க, அதனால போனை ரூம்லயே வச்சிட்டு போனா க்யூ ஒண்ணு மிச்சம். சனிக்கிழமை ஆக்ராவோ ரெஸ்ட்டோ, உங்க முட்டிய கேளுங்க. நாங்க ரெஸ்ட்டு.

ஸ்டெப் 5: திரும்பற நாள்

ரூமை காலைலயே காலி பண்ண சொல்லுவாங்க, வண்டி ராத்திரி இருக்கும். பையை ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல போட்டுட்டு சுத்தலாம், ஆனா பூட்டு போடாத பையை வாங்க மாட்டாங்க. ஸ்டேஷன் வாசல்ல பூட்டு ரெண்டு மடங்கு விலை, நம்ம வேலூர் லாங்கு பஜார்லயே ரெண்டு வாங்கி பையில போட்டுக்கோங்க.