எம்35ஏ2 ராணுவ லாரி: ஸ்டார்ட் ஆகவில்லை, கியர் விழவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது

அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரியான எம்35ஏ2, படையிலிருந்து விடுவிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டபின், அந்நாட்டில் தனியார் பலரிடம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முதன்முறையாக வாங்குபவர்கள் இரண்டு குறைகளைச் சொல்வார்கள்: ஸ்டார்ட் ஆகவில்லை, கியர் விழவில்லை. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் வெளியேதான் இருக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கை பிரேக்கைப் போட்டு, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் மின்சாரம்

இந்த லாரி 24 வோல்ட்டில் இயங்குகிறது. வலப்பக்கப் பெட்டியில் உள்ள இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மல்டிமீட்டரால் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளவிடுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஒன்று நன்றாகவும் மற்றொன்று தளர்ந்தும் இருந்தால், மொத்த அளவை மட்டும் பார்ப்பவருக்கு அது புலப்படாது.

பிறகு ஒருவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது மற்றவர் மீண்டும் அளக்க வேண்டும். எந்த பேட்டரியும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் அதைச் சார்ஜ் செய்து பாருங்கள். அப்போதும் இறங்கினால் அது மாற்றப்பட வேண்டியது. பேட்டரிகள் நன்றாக இருந்தும் எஞ்சின் மந்தமாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் முனையத்திலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து, செல்ஃப் போடும்போது எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் கேபிளிலோ அதன் இணைப்புகளிலோ துரு இருக்கிறது. சட்டத்தோடு கேபிள் சேரும் இடத்தைப் பெயின்ட் நீங்கத் தேய்த்து இறுக்குங்கள். என் கருத்தில், புதிய ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான சோதனை இதுதான். ஒரு முறைக்கு 15 வினாடிக்கு மேல் செல்ஃப் போடாமல், இடையே மோட்டார் ஆற நேரம் கொடுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

டேஷ்போர்டில் உள்ள எஞ்சின் நிறுத்தும் இழுகம்பி முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருளை அடைப்பது அந்தக் கம்பிதான். குமிழ் உள்ளே போனாலும் கேபிள் சிக்கிக்கொண்டு, எரிபொருளைச் சிலிண்டர்களுக்குள் பீய்ச்சும் ஊசிப் பம்பில் (இன்ஜெக்ஷன் பம்ப்) உள்ள நெம்புகோல் திரும்பாமல் இருக்கலாம். எனவே எஞ்சின் பக்கத்திலும் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக டீசல். மெயின் சுவிட்சைப் போட்டதும் டேங்குக்குள் இருக்கும் மின்பம்பின் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். காற்றழுத்தம் குறைவு என்று எச்சரிக்கும் பஸ்ஸரும் அதே நேரத்தில் கத்தும் என்பதால், இன்னொருவரை டேங்கருகே நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். இரைச்சல் இல்லையென்றால் பம்பின் இணைப்பு வயரைப் பாருங்கள். இரைச்சல் இருந்தால், ஒவ்வொரு பில்டரின் அடியிலும் உள்ள குழாயைத் திறந்து, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் தெளிய விடுங்கள்; தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் அது வியப்பன்று. பில்டர்களை மாற்றியபின் ஏர் எடுப்பது கட்டாயம்: மின்பம்ப் ஓடிக்கொண்டிருக்க, பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

இப்போது செல்ஃப் போட்டபடி புகைக்குழாயைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் எரிபொருள் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரிவதற்கான சூடு போதவில்லை. குளிரிலோ மெதுவாகச் சுற்றும்போதோ இப்படி நடக்கும். புகையே இல்லையென்றால் எரிபொருளே போகவில்லை. டீசல் தவிர வேறு எரிபொருள்களிலும் ஓடக்கூடிய இந்த எஞ்சின், காற்றை 22:1 விகிதத்தில் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிர்காலத்துக்காக உள்ளிழுப்புக் குழாயில் சுடர் சூடேற்றி, அதாவது உள்ளே வரும் காற்றைச் சுடரால் சூடாக்கும் கருவி, பொருத்தப்பட்ட வண்டிகள் உண்டு. அத்தகைய வண்டியில் ஸ்டார்ட் செய்ய உதவும், எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே அடிப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எஞ்சின் ஆயில் குச்சியையும் பாருங்கள். அளவு ஏறியிருந்து டீசல் மணம் வீசினால், ஊசிப் பம்ப் உள்ளுக்குள் கசிகிறது. அதைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை எஞ்சினை ஓட்டக் கூடாது.

கியர் விழவில்லை

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால், குறை கிளட்ச்சில் இருக்கிறது. உறுதிசெய்ய, எஞ்சின் ஓட, கிளட்ச்சை முழுவதும் மிதித்து, சில வினாடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சின்க்ரோ (பற்கள் சேரும் முன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லாத கியர் அது என்பதால் உண்மையைச் சொல்லிவிடும்: சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் சரியாக விடுகிறது, கரகரத்தால் விடவில்லை. மிதியடியில் ஓரிரு அங்குல வெற்று அசைவு இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கிளட்ச் முழுவதும் விடாது. அசைவே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கித் தேய்ந்துவிடும். இதில் ஹைட்ராலிக் எதுவும் இல்லை, இணைப்புக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தாலே போதும். நெடுங்காலம் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டு துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதை விடுவிக்க அனுபவமுள்ளவர் துணையை நாடுங்கள்.

கிளட்ச் சரியாக இருந்தும் கரகரப்பு வந்தால், ஓட்டும் முறையைக் கவனியுங்கள். ஐந்து கியர்களில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சின்க்ரோ இல்லை. மற்றவற்றில் இருந்தாலும் பழைய கியர் பாக்ஸில் அவை தேய்ந்திருக்கும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மீண்டும் மிதித்து அடுத்த கியரைப் போடுங்கள். கீழ்க் கியருக்கு இறங்கும்போது நியூட்ரலில் கிளட்ச்சை விட்ட நிலையில் ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி எஞ்சின் வேகத்தை உயர்த்த வேண்டும். நான்காம், ஐந்தாம் கியர்களின் இடம் நாம் பழகிய வண்டிகளைப் போல இருக்காது என்பதால், டேஷ்போர்டில் உள்ள தகட்டைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டபின் சாலைக்கு இறங்குங்கள்.

கியர் விழுந்தும் வண்டி நகராவிட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) நெம்புகோல் நியூட்ரலில் நிற்கிறதா என்று பாருங்கள். அதே நெம்புகோலை லோ ரேஞ்சுக்கு (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) மாற்றுவது வண்டி முழுவதும் நின்றபின்தான். பற்கள் சேரவில்லையென்றால் வலுக்கட்டாயமாகத் தள்ளாமல், வண்டியைச் சிறிது நகர்த்தி மீண்டும் முயலுங்கள்.

இவையெல்லாம் முடிந்தும் கியர் தானாக வெளியே துள்ளினாலோ, எஞ்சின் நின்றிருக்கும்போதே விழாவிட்டாலோதான் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும். அதற்காக வண்டியை இழுத்துச் செல்ல நேர்ந்தால், அச்சுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டுகளைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாமல் சக்கரங்கள் மட்டும் சுழன்றால், கியர் பாக்ஸுக்குள் ஆயிலை மேலே வீசும் கீழ்த்தண்டு அசையாமல் நிற்க, மேல்தண்டு ஆயிலின்றிச் சுழன்று சிதைந்துவிடும்.