கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இரவு பத்து மணிக்கு மேல் எழும் சண்டைகள் பல, பதின்ம வயதுப் பிள்ளை கைப்பேசியில் ஆடும் ஆட்டத்தின் நடுவே பெற்றோர் வைஃபையை அணைப்பதில் தொடங்குகின்றன. இதுதான் பெரிய தவறு. மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டு ஐந்து பேர் குழுவாக ஆடுவது. ஓர் ஆட்டம் பெரும்பாலும் கால் மணி நேரம் போகும்; நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் விலகினால் தண்டனை உண்டு, கூட ஆடும் நால்வரும் திட்டுவார்கள். அந்த நொடியில்தான் பையன் கத்துகிறான், கதவை அறைகிறான். ஆட்டம் தொடங்கும் முன்பே, "இது முடிஞ்சதும் வெச்சிடணும்யா, அடுத்தது வேண்டாம்" என்று சொல்லுங்கள். மீறினால், கைப்பேசியை மறுநாள் அவன் அமைதியாக இருக்கும்போது வாங்கி வையுங்கள்.

அடிக்கவே கூடாது. கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதைத்தான் அவன் அதில் கற்றுக்கொள்வான்.

எல்லாக் கோபத்துக்கும் விளையாட்டையே குற்றம் சொல்வதும் தவறு. வன்முறை விளையாட்டுதான் நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது அமெரிக்க உளவியல் கழகம், 2020-இல். கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு என்றும் சொன்னது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நள்ளிரவு தாண்டி விழித்திருந்து, இருட்டோடு பள்ளிப் பேருந்து ஏறுபவன் எரிந்து விழாமல் என்ன செய்வான்? தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய் மொழியில் பாடம் பிடிபடாமல் பின்வரிசையில் ஒடுங்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கத் தோற்பவனுக்கு ஜெயிக்கக் கிடைக்கும் ஒரே இடம் அந்த ஆட்டமாக இருக்கலாம். அதைப் பறிக்கும் முன், பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்பது நம் கடமை.

அவசரப்பட்டு "அடிமையாகிட்டான்" என்று சொந்தக்காரர்கள் முன் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறுக்கு மூன்று அடையாளங்கள்: கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக 12 மாதம் நீடித்து, படிப்பையும் உறவையும் பாதித்திருக்க வேண்டும்.

அதற்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு மட்டம், தம்பி தங்கை மீது கை நீட்டுவது என்று போனால், பள்ளி ஆலோசக ஆசிரியரையும் அரசாங்கக் கிளினிக்கையும் பாருங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.