'நாப்' என்ற சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி?

ஆங்கிலத்தில் குட்டித் தூக்கத்துக்கு 'நாப்' என்று பெயர். என், ஏ, பி என மூன்றே எழுத்து. சொற்பிறப்பு தேடிப் பழக நல்ல சொல். ஒரு நோட்டும் சொற்பிறப்பு போட்ட ஆங்கில அகராதியும் வேண்டும். பாக்கெட் அகராதி வேண்டாம், அதில் பொருள் மட்டும்தான் இருக்கும். மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் புதுநத்தம் சாலையிலேயே இருக்கிறது.

படி 1: பொருளைக் காட்சியாக எழுதுங்கள்

'தூக்கம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் பக்கத்துச் சொற்களெல்லாம் கலந்துவிடும். மாசி வீதியில் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கி, துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக் கடைக்காரர் இருபது நிமிடம் படுக்கிறார். அது நாப். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஒத்தக்கடை வருவதற்குள் தலை பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து, திடுக்கென நிமிர்ந்து, மறுபடி சாய்கிறதே, அது 'டோஸ்'. முன்னது பெரும்பாலும் நாமாகப் படுப்பது, பின்னது கேட்காமல் வருவது. நம் பேச்சில் 'கொஞ்சம் கண்ணசர்றேன்', 'தூங்கி விழுறான்' என்கிற வித்தியாசம்தான்.

படி 2: தலைச்சொல்லின் எண்ணைப் பாருங்கள்

அகராதியில் நாப் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரும். தலைச்சொல் பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று இருந்தால் அவை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதும் வேறு வேறு சொற்கள். வெல்வெட்டைத் தடவினால் கையில் படும் மெல்லிய ரோமத்துக்கும் நாப் என்றே பெயர். அது 'நொப்பே' என்ற பழைய டச்சுச் சொல்லோடு சேர்ந்தது. தூக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

படி 3: பழைய வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நம் நாப் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்னாப்பியன்'. லேசாகத் தூங்குவது என்ற வினைச்சொல். 'சிறு தூக்கம்' என்ற பெயர்ச்சொல் 1300 வாக்கில்தான் வருகிறது. முன்னால் இருந்த 'ஹ்' உதிர்ந்துவிட்டது. அது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததல்ல: கொட்டையைக் குறிக்கும் 'நட்'டும் ஒரு காலத்தில் 'ஹ்னுட்டு'தான். ஓர் எழுத்து காணாமல் போனால், அதே மாதிரி இன்னொரு சொல்லிலும் போயிருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாவது கிடைத்தால்தான் நம்பலாம்.

படி 4: போலி உறவுகளைக் கழியுங்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'நாப்கின்'னில் இருக்கும் நாப், மேசைத் துணியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். அதற்கு மூலம் லத்தீன் 'மாப்பா'. நாம் பார்க்கும் மேப்பும் அங்கிருந்துதான் வந்தது. 'கிட்னாப்'பில் நாப் என்றால் பறிப்பது. தூங்கும் குழந்தையைத் தூக்கிப் போவதால் அந்தப் பெயர் என்று யாராவது கதை கட்டினால் நம்ப வேண்டாம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு குழி இருக்கிறது. தூங்கி விழும் டோஸும் மருந்து டோஸும் நமக்கு ஒன்றாகவே ஒலிக்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு இசட், பின்னதற்கு எஸ். மருந்து டோஸ், 'கொடுத்தல்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'மேனேஜர் டோஸ் விட்டார்' என்கிறோமே, அதுவும் இந்த மருந்துதான். தூக்க டோஸ் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. ஸ்காண்டிநேவிய மொழிகளில் அதற்கு இனச்சொற்கள் உண்டு.

படி 5: தமிழில் செய்து பாருங்கள்

'தூங்கு' என்பதற்குப் பழைய பொருள் தொங்குதல், அசைதல். மலையாளத்தில் இன்றும் 'தூங்ஙுக' என்றால் தொங்குவதுதான். பஸ்ஸில் தொங்கி ஆடும் தலையை நினைத்துப் பார்த்தால் தூக்கத்துக்கு இந்தச் சொல் பொருந்துவது தெரியும்.

அடுத்து, தூக்கத்தைக் குறிக்கும் 'ஸ்லம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பாருங்கள். பழைய வடிவம் 'ஸ்லுமெரென்', அதில் 'பி' கிடையாது. பிறகு எம்முக்கும் ஆருக்கும் நடுவில் நுழைந்துகொண்டது. படி 3 ஞாபகம் இருக்கிறதா? சாட்சிக்கு இன்னொரு சொல் வேண்டும். லத்தீன் 'நுமெருஸ்' எப்படி 'நம்பர்' ஆனது என்று தேடுங்கள்.