பக்கத்து வீட்டில் எத்தனை யூனிட்? பிளாட்டில் கரண்டை மிச்சப்படுத்த ஒரு வழி

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் பிளாட்டில், 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று லிப்ட்டுக்குள் ஒட்டிய நோட்டீஸை யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. ஆனால் 'உங்கள் வீடு நாளுக்கு 17 யூனிட், உங்களைப் போன்ற வீடுகள் 13' என்று ஒரு துண்டுச்சீட்டு கதவிடுக்கில் போனால், அன்று சாயங்காலமே ஆள் வந்து என் வீட்டு கிரில்லைத் தட்டுகிறார். எனக்கு வயர்மேன் வேலை. "அண்ணே, மேல் வீட்டுக்காரங்களுக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. மேல் வீட்டுக் கணக்கை நான் சொல்வதில்லை. ஆனாலும் வந்தவர் வந்துவிட்டார், அது போதும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் வீட்டுக் கதவுகளில் நாலு விதமான அட்டைகளை மாட்டிப் பார்த்தார்கள். ஒன்று சுற்றுச்சூழலைச் சொன்னது, ஒன்று சமூகத்துக்கு நல்லது என்றது, ஒன்று பணம் மிச்சமாகும் என்றது, கடைசி ஒன்று 'உங்கள் அக்கம்பக்கத்தார் மிச்சப்படுத்துகிறார்கள்' என்றது. கடைசி அட்டைதான் அதிகம் வேலை செய்தது. ஆனால் கலிபோர்னியாக்காரர்களிடமே எது உங்களை மாற்றும் என்று கேட்டபோது, அக்கம்பக்கத்தாரைத்தான் கடைசியில் வைத்தார்கள். 2008இல் வெளிவந்த ஆய்வு. நம்ம ஆளும் அப்படித்தானே? 'அடுத்தவன் வீட்டைப் பார்த்தா நான் வாழறேன்?' என்பார், ஆனால் எதிர்வீட்டில் புது சோபா இறங்கினால் சன்னலோரம் நிற்பார்.

சரி, எப்படிச் செய்வது?

பில்லில் இருக்கும் வெள்ளியை (ரிங்கிட்டை) வைத்து ஒப்பிடாதீர்கள். போன மாதப் பாக்கி, கழிவு (தள்ளுபடி), வரி எல்லாம் அதில் கலந்திருக்கும். யூனிட்டை எடுங்கள், அதை பில் காலத்தின் நாள்களால் வகுங்கள். ஒரு வீட்டுக்கு 33 நாளில் 540 யூனிட், இன்னொரு வீட்டுக்கு 28 நாளில் 480. பில்லைப் பார்த்தால் முதல் வீடுதான் அதிகம். வகுத்தால் முதல் வீடு நாளுக்கு 16.4, இரண்டாவது 17.1. நிலைமை தலைகீழ். பில்லில் 'அங்காரான்' என்று போட்டிருந்தால் அது மதிப்பீட்டு ரீடிங். அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை; மின்வாரியமான டிஎன்பியின் மைடிஎன்பி செயலியிலேயே நாள்வாரிக் கணக்கு கிடைக்கும். பில்லை வாட்சப்பில் அனுப்பச் சொன்னால், கணக்கு எண்ணை விரலால் மறைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கேட்காமல் யாருடைய பில்லையும் தபால் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கவே கூடாது.

அப்புறம் பிரிப்பு. இதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். ஐந்து பேரும் இரண்டு ஏர்கோனும் உள்ள வீட்டையும், மகன் சிங்கப்பூர் போய்விட்ட வயசான தம்பதியையும் ஒரே வரிசையில் வைத்தால் 'எங்க நிலைமை இவனுக்கு என்ன தெரியும்' என்று சீட்டைக் கசக்கி எறிவார்கள். அது நியாயமும்கூட. எத்தனை பேர், எத்தனை ஏர்கோன், பகலில் ஆள் உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். மேல்மாடி வீடுகளைத் தனியாக வையுங்கள். கூரை ஸ்லாப் பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிவரை கக்கும். மேற்கு பார்த்த மூலை வீடும் அதே கதைதான். வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர், ஐஸ்கட்டி வியாபாரத்துக்கு இன்னொரு ஐஸ்பெட்டி வைத்திருப்பவர் ஆகியோரைக் குடும்ப வீடுகளோடு சேர்க்கவே கூடாது. ஒரு பிரிவில் ஏழெட்டு வீடாவது வேண்டும். மூன்றே வீடு என்றால் எந்த வீடு என்று எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் லிப்ட்டில் முகம் பார்க்க முடியாது. நோட்டீஸ் போர்டில் வீட்டு எண்ணோடு பட்டியல் ஒட்டும் யோசனை எல்லா கூட்டத்திலும் ஒருவருக்கு வரும். வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

சீட்டு சின்னதாக இருக்கட்டும். நான் எழுதுவது இவ்வளவுதான்:

'உங்கள் வீடு: நாளுக்கு 17 யூனிட். உங்களைப் போல நாலு பேர், ஒரு ஏர்கோன் உள்ள வீடுகள்: 13. அதில் சிக்கனமான வீடுகள்: 10. முதலில் ஹீட்டரைப் பார்க்கலாமா? எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.'

மூன்றாவது எண் ஏன்? சராசரியை மட்டும் காட்டினால், அதற்குக் கீழே இருப்பவர் 'நான்தான் கம்மியாச்சே' என்று ஏர்கோனை இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிடுவார். அதே சான் மார்கோஸில் 2007இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் இதுவே நடந்தது: குறைவாகச் செலவழித்த வீடுகள் சராசரியை நோக்கி ஏறின. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்தபோது ஏறவில்லை. அதனால் சிக்கனமான வீட்டுக்குக் கட்டாயம் ஒரு சிரிப்பு வரையுங்கள். என் பேத்தி பச்சை பேனாவில் வரைகிறாள். அதிகம் செலவழிப்பவருக்கு அழுத முகம் வேண்டாம், எண்ணே போதும்.

எவ்வளவு குறையும் என்று பெரிதாக ஆசை காட்டாதீர்கள். ஓபவர் என்ற அமெரிக்க நிறுவனம் இதே மாதிரிச் சீட்டை லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியது. குறைந்தது சராசரியாக 2 சதவீதம். 500 யூனிட் வீட்டுக்கு 10 யூனிட். சீட்டு ஆளைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். வந்த ஆளோடு நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் என்ன பார்க்கிறீர்கள் என்பதில்தான் மிச்சமே இருக்கிறது.

நான் நேரே குளியலறைக்குத்தான் போவேன். நம் பிளாட்டுகளில் மாட்டும் உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். முழு சூட்டில் பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். நாலு பேர், காலையும் மாலையும் என்றால் நாளுக்கு 4.8, மாதம் 144 யூனிட். 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி யூனிட்டுக்கு 44.43 காசு, கழிவுக்கு முன்னால் கிட்டத்தட்ட 64 வெள்ளி, சுடுதண்ணிக்கு மட்டும்! இந்த ஊர் வெயிலில் சாயங்காலக் குளியலுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டால் வீட்டுக்காரம்மா சிரிப்பார், பிள்ளைகள் முறைப்பார்கள். குமிழைப் பாதிக்குத் திருப்பி, அங்கே ஒரு மார்க்கர் கோடு போட்டுவிட்டு வருவேன். கோடு இருந்தால் தாண்டக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அடுத்தது ஏர்கோன். பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் கழுவுங்கள். 18இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்ளும் வீடுகளில் 25 வைத்துக் காற்றாடியையும் போடச் சொல்லுங்கள். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு வெள்ளி நோட்டைக் கவ்வவிட்டு இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது. புதிது வாங்குவதானால் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர லேபிளில் ஐந்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். விளக்கெல்லாம் எல்இடியாக மாறிவிட்டது, அங்கே நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

620, 640 யூனிட்டில் நிற்கும் வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 600ஐத் தாண்டாத வீட்டுக்கு பில்லில் மாதம் 10 வெள்ளி சேரும் சில்லறைக் கட்டணம் (ரீடெய்ல் சார்ஜ்) கிடையாது. எரிபொருள் விலையைப் பார்த்து மாதாமாதம் ஏறி இறங்கும் சரிக்கட்டலும் கிடையாது. இந்த வீடுகளுக்கு அக்கம்பக்கத்தைவிட '600க்குள் வர இன்னும் 30 யூனிட்' என்று எழுதினால்தான் வேகம் பிறக்கும்.

தீபாவளி மாதம், நோன்பு மாதம், பள்ளி விடுமுறை மூன்றிலும் சீட்டு போடாதீர்கள். விருந்தாளி வந்த வீட்டில் யூனிட் ஏறத்தான் செய்யும். மூன்று மாதமாகியும் அசையாத வீட்டுக்கு நிறுத்திவிடுங்கள், வற்புறுத்தினால் உறவுதான் கெடும். படுத்த படுக்கையாக ஆள் இருந்து ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் வீட்டுக்குச் சீட்டே வேண்டாம். ஒருநாள் போய், அந்த பிளக் சூடாகிறதா, ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலும் சேர்ந்து தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.