பட்டாணி முளையில் சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் என்சைமை அளப்பது எப்படி

'செடியில் பாஸ்போடைஎஸ்டரேஸ்' (பாஸ்பேட் இரு பக்கமும் பிணைந்திருக்கும் இடத்தில் ஒரு பக்கத்தை வெட்டும் என்சைம்) என்று புராஜெக்ட் தலைப்பு வாங்கிக்கொண்டு எங்கள் லேபுக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, பிஸ்-பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் இருக்கிறதா என்றுதான். இருக்கிறது. மஞ்சள் நிறம் வரும், 405 நானோமீட்டரில் படித்துவிட்டு மதியமே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் சைக்ளிக் ஏஎம்பி என்பது செல்லுக்குள் செய்தி கடத்தும், பாஸ்பேட் வளையம் உள்ள சின்ன மூலக்கூறு; இதில் அந்த பாஸ்பேட் வளையமே கிடையாது. செடியில் இருக்கிற பொதுவான பாஸ்போடைஎஸ்டரேஸ்கள் எல்லாம் அதை வெட்டும். அந்த மஞ்சளை வைத்துக்கொண்டு சைக்ளிக் ஏஎம்பியைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. சைக்ளிக் ஏஎம்பியையே கொடுக்க வேண்டும், அது உடைந்ததா, எந்தப் பக்கம் உடைந்தது என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்று ஏன் கேட்கிறேன்? சதர்லாந்துக்கு 1971-இல் நோபல் வாங்கித் தந்த சைக்ளிக் ஏஎம்பி கதை முழுக்க விலங்குத் திசுவில் நடந்தது. அங்கே என்சைம் 3′ பக்கப் பிணைப்பை வெட்டி 5′-ஏஎம்பியைத் தரும் (2′, 3′, 5′ என்பவை பாஸ்பேட் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கார்பனின் எண்கள்). தியோபிலின் என்ற மருந்தைப் போட்டால் அடங்கும். செடி அப்படி இல்லை. 1972-இல் லின், வார்னர் என்ற ஆய்வாளர்கள் பட்டாணி நாற்றில் பார்த்த என்சைம் அமிலப் பக்க பிஎச்சில் வேலை செய்தது, 2′,3′ வளையத்தை இன்னும் வேகமாக உடைத்தது, தியோபிலினைச் சட்டை செய்யவில்லை. செடி என்சைம்கள் பல 3′-ஏஎம்பியையும் தருகின்றன. விலங்குக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்துச் செய்தால் இந்த 3′-ஏஎம்பி கணக்கிலேயே வராது.

பட்டாணியிலேயே தொடங்குங்கள். பச்சைப்பயறு சீக்கிரம் முளைக்கும், உண்மைதான். ஆனால் அதில் 3′-நியூக்ளியோடைடேஸ் வேலை பலமாக இருப்பதால் கணக்கு குழம்பும். மளிகைக் கடைப் பச்சைப் பட்டாணியில் சாயம் ஏற்றியிருக்கலாம், ஊறவைத்த தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். உடைக்காத வெள்ளைப் பட்டாணி நல்லது. ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இருட்டில் நாலைந்து நாள் வையுங்கள். பச்சையம் இல்லாத தண்டு கிடைக்கும்.

அரைப்பதற்கு 50 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.5, கொஞ்சம் மெர்காப்டோஎத்தனால். பாஸ்பேட் பஃபர் பக்கம் போகவே கூடாது, கடைசியில் அளக்கப்போவதே பாஸ்பேட்டைத்தான். புரதத்தை உடைக்கும் என்சைம்களை அடக்கும் பிஎம்எஸ்எஃப்பை அரைப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும், தண்ணீரில் அது வெகுநேரம் தாங்காது. விஷம் என்பதால் கையுறை கட்டாயம். முன்கூட்டியே ஊறவைத்த பிவிபிபியும் (ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பொடி) ஒரு சிட்டிகை போடுங்கள், சாறு பழுப்பாகாது. ஒரு கிராம் திசுவுக்கு இரண்டு மில்லி பஃபர். உரலையும் உலக்கையையும் முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மஸ்லின் துணியில் வடிகட்டி, 4 டிகிரியில் 15,000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றுங்கள். ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) வேறு, ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வேறு. ரோட்டரின் ஆரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலே தெளிந்த சாறை அப்படியே பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். செடிச் சாறில் பாஸ்பேட் ஏற்கெனவே நிறைய இருக்கும். மெர்காப்டோஎத்தனால், பாஸ்பேட்டை அளக்கும் கலவையில் உள்ள மாலிப்டேட்டை ஒடுக்கி நீலமாக்கிவிடும். செஃபடெக்ஸ் ஜி-25 (சின்ன மூலக்கூறுகளைத் தாமதப்படுத்திப் பிரிக்கும் ஜெல்) நிரப்பிய சின்னக் குழாய் வழியாக ஒரு முறை ஓட்டினால் இரண்டு தொல்லையும் போகும்.

இனி வினை. 50 மில்லிமோலார் மெஸ் பஃபர் பிஎச் 6.0, 1 மில்லிமோலார் 3′,5′-சைக்ளிக் ஏஎம்பி, என்சைம். மொத்தம் 100 மைக்ரோலிட்டர். அதாவது குழாயில் 100 நேனோமோல் இருக்கிறது. 30 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, கொதிநீரில் 3 நிமிடம். செடி என்சைம் செத்துப்போகும், சைக்ளிக் ஏஎம்பிக்கு ஒன்றும் ஆகாது. ஆறியதும் சுற்றித் தெளிவை எடுங்கள்.

என் கண்ணில் முக்கியமான இடம் இதுதான். ஒரே வினையை மூன்று குழாயாகச் செய்யுங்கள். கொதிக்கவைத்த பிறகு மூன்றுக்கும் டிரிஸ் சேர்த்து பிஎச்சை 8-க்கு மேல் ஏற்றி, மக்னீசியம் போடுங்கள். முதல் குழாயில் வேறு எதுவும் வேண்டாம். இரண்டாவதில் பாம்பு விஷத்திலிருந்து எடுத்த 5′-நியூக்ளியோடைடேஸ். அது 5′-ஏஎம்பியை மட்டும்தான் தொடும். மூன்றாவதில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ். அது 3′, 5′ இரண்டிலிருந்தும் பாஸ்பேட்டைக் கழற்றும், வளையத்தைத் தொடாது. 37 டிகிரியில் 20 நிமிடம். மூன்றாவதில் வரும் பாஸ்பேட்தான் மொத்தமாக உடைந்த சைக்ளிக் ஏஎம்பி. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சமிருந்த 3′-ஏஎம்பி. முதல் குழாயிலேயே பாஸ்பேட் நிறைய வந்தால், சாறின் சொந்த பாஸ்ஃபடேஸ்கள் முந்திக்கொண்டன என்று அர்த்தம்; அப்போது 3′, 5′ பங்கை நம்ப முடியாது, மொத்தத்தை மட்டும் எழுதுங்கள்.

பாஸ்பேட்டை அளக்க மாலகைட் கிரீன் (மாலிப்டேட்டோடு பாஸ்பேட் சேர்ந்தால் பச்சையாகும் சாயம்) போதும். 10 நேனோமோல் வரை பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில் தர வரைகோடு போட்டு, 630 நானோமீட்டர் பக்கம் படியுங்கள். 1925-இல் வெளிவந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையும் செய்யலாம் (அந்த சுப்பாராவ் நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்), ஆனால் இவ்வளவு குறைந்த அளவுக்கு அது போதாது. கண்ணாடிச் சாமான்களைச் சோப்புத் தூளில் கழுவாதீர்கள், பல தூள்களில் பாஸ்பேட் உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசினால் சரி.

பிளாங்க் (ஒப்பிட்டுக் கழிக்க வேண்டிய குழாய்) ஒன்று போதாது, மூன்று வேண்டும்: கொதிக்கவைத்த என்சைம், சைக்ளிக் ஏஎம்பி இல்லாத குழாய், நேரம் பூஜ்யம் (என்சைம் சேர்த்த உடனே நிறுத்தியது). நடுவில் சொன்னதை யாரும் விடக்கூடாது. சாறில் இருக்கும் ஆர்என்ஏவை ஆர்என்ஏஸ் உடைக்கும்போது 2′,3′ வளையங்கள் வரும், அதிலிருந்தும் பாஸ்பேட் வரும். கொடுத்ததில் 10 சதவீதத்துக்கு மேல் உடைந்திருந்தால் என்சைமை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். 2′,3′-சைக்ளிக் ஏஎம்பி வாங்க முடிந்தால் அதற்கும் ஒரு வரிசை வையுங்கள். பட்டாணியில் அந்த எண் பெரிதாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

நிறத்தை மட்டும் நம்பாமல் டிஎல்சியும் (மெல்லிய சிலிக்கா தட்டில் பிரித்துப் பார்க்கும் குரோமட்டோகிராஃபி) ஒன்று ஓட்டுங்கள். எஃப்254 சிலிக்கா தட்டு, ஐசோபுரோப்பனால், அம்மோனியா, தண்ணீர் 7:1:2. 254 நானோமீட்டர் விளக்கில், பச்சைப் பின்னணியில் சைக்ளிக் ஏஎம்பி மேலே கரும்புள்ளியாகவும் ஏஎம்பி நன்றாகக் கீழேயும் தெரியும். 3′, 5′ இரண்டையும் இந்தக் கரைப்பானில் பிரிக்க முடியாது, அதற்கு சி18 எச்பிஎல்சி (உயர் அழுத்தத்தில் ஓட்டும் குரோமட்டோகிராஃபி) வேண்டும்.

ஜீனைத் தேடுகிறேன் என்று விலங்கு பிடிஈ (பாஸ்போடைஎஸ்டரேஸ்) வரிசையிலிருந்து பிரைமர் (ஜீனைத் தேடிப் பெருக்க உதவும் சின்ன டிஎன்ஏ துண்டு) போட்டு வருகிறவர்களும் உண்டு. 2016-இல் மார்க்கான்ஷியா ஈரல்செடியில் சைக்ளேசும் (சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் என்சைம்) பிடிஈயும் ஒட்டியிருக்கும் 'கேப்' என்ற புரதம் கிடைத்தது. நீந்தும் விந்து உள்ள செடிகளோடு அது நின்றுவிட்டது, பூக்கும் செடிகளில் இல்லை. பட்டாணிக்கு அந்த வழி உதவாது.

கடைசியாக ஒரு குழாயில் தியோபிலின். குறையவில்லை என்றால் அதுதான் எதிர்பார்த்தது. பாதிக்கு மேல் குறைந்துவிட்டால் மகிழ்ந்துபோய் எழுதிவிடாதீர்கள். தியோபிலினைக் கரைக்கக் காரம் சேர்த்திருப்பீர்கள், அந்தக் குழாயின் பிஎச் இன்னும் 6.0-தானா என்று முதலில் பாருங்கள்.